பக்கம் எங்கே இருக்கிறது?

2017 ஆகஸ்டில், இந்தியாவிலிருந்து ஆர்கைவ்.ஆர்க் தளத்தைத் திறக்கப் போன பலருக்குத் தளம் வரவில்லை. தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி இந்த முகவரி தடுக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்புதான் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் இயங்கும் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற லாப நோக்கமற்ற நூலகத்தின் தளம் அது. 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கியது. மறைந்துபோன இணையப் பக்கங்களைத் தேதிவாரியாக எடுத்துப் பார்க்க உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்களும் வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் நம்பியிருப்பது அதன் ‘வேபேக் மெஷின்’ சேவையைத்தான்.

தடைக்குக் காரணமான உத்தரவு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. அப்போது திரைக்கு வந்த ‘ஜப் ஹாரி மெட் செஜல்’, ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’ என்ற இரண்டு இந்திப் படங்கள் இணையத்தில் திருட்டுத்தனமாகப் பரவக் கூடாது என்று அவற்றின் தயாரிப்பு நிறுவனங்கள் கேட்டு வாங்கிய உத்தரவு அது. தடுக்க வேண்டியவை என்று 2,650 தளங்கள் பட்டியலில் இருந்தன. அந்தக் கூட்டத்தில் இன்டர்நெட் ஆர்கைவும் சிக்கிக்கொண்டது. பிறகு தடை விலகியது. ஆனால் அந்தச் சில நாட்களில், இரண்டு படங்களைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கையால் இருபது ஆண்டு இணைய வரலாறு ஒரு நாட்டுக்கே மூடிப்போனது.

இதை நீதிமன்றத்தின் பிழை என்றோ தயாரிப்பாளர்களின் பேராசை என்றோ சொல்லிவிட்டுப் போவது எளிது. கோடிக்கணக்கில் பணம் போட்டுப் படம் எடுத்தவர்கள், வெளியான வாரத்திலேயே அது இலவசமாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. சிக்கலின் வேர் அவர்களிடம் இல்லை. இணையம் கட்டப்பட்டிருக்கும் விதத்திலேயே அது இருக்கிறது. ஒன்றைப் பரப்புவது, அது பரவாமல் கட்டுப்படுத்துவது, அது அழியாமல் பாதுகாப்பது என்று மூன்று வேலைகளைத் தனித்தனியாகப் பேசுகிறோம். இணையத்தில் மூன்றும் நகலெடுத்தல் என்ற ஒரே செயலைச் சுற்றித்தான் நடக்கின்றன. பரப்புகிறவர் நகலெடுக்கிறார். கட்டுப்படுத்துகிறவர் நகலெடுப்பதைத் தடுக்கிறார். பாதுகாப்பவரும் நகல்தான் எடுக்க வேண்டும். அதனால் முதலாமவருக்குப் போடும் தடை மூன்றாமவர் மேலும் விழுகிறது.

பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். முதலில் உங்கள் கணினி, டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேட்டைக் கேட்டு, அந்த டொமைன் பெயருக்குரிய எண்ணைத் தெரிந்துகொள்கிறது. அந்த எண்ணைக் கொண்டு எங்கோ ஒரு சர்வரைத் தொடர்புகொண்டு, இந்தப் பாதையில் உள்ள கோப்பைக் கொடு என்று கேட்கிறது. சர்வர் அந்தக் கோப்பின் பைட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்புகிறது. உங்கள் கணினியின் நினைவகத்தில் அதே கோப்பு இன்னொரு தடவை உருவாகிறது. அதைத்தான் நீங்கள் திரையில் வாசிக்கிறீர்கள். அச்சுப் புத்தகத்தை ஆயிரம் பேர் வாசித்தாலும் ஒரு நகல்கூட உண்டாவதில்லை. இணையப் பக்கத்தை ஆயிரம் பேர் வாசித்தால் ஆயிரம் நகல்கள் உண்டாகிவிட்டன. நகலெடுக்கும் உரிமையை மையமாக வைத்து எழுதப்பட்ட பதிப்புரிமைச் சட்டங்கள் இணையத்தில் தடுமாறுவதற்கு இதுவே முதல் காரணம்.

தடை போடுவதன் நுட்பமும் இந்தப் பயணத்தில்தான் அடங்கியிருக்கிறது. இணையச் சேவை நிறுவனம் டிஎன்எஸ் கேள்விக்குத் தவறான பதில் சொல்லலாம். அல்லது போகிற வழியில் முகவரியைப் படித்துப் பார்த்து மறிக்கலாம். 2012இல் ‘3’ என்ற தமிழ்ப் படத்துக்கும் ‘தம்மு’ என்ற தெலுங்குப் படத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு உத்தரவு தந்தது. சேவை நிறுவனங்கள் அதை வைத்து விமியோ, டெய்லிமோஷன் போன்ற வீடியோ தளங்களை முழுவதுமாக மூடின. அந்த ஜூன் மாதமே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: படம் இருக்கிற குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் தடுக்க வேண்டும், தளத்தையே தடுக்கக் கூடாது. நியாயமான தெளிவுரை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் தொழில்நுட்பம் மாறிவிட்டது. பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க முறைக்குப் போயின. இதில் டொமைன் பெயர் மட்டும்தான் வழியில் இருப்பவருக்குத் தெரியும். அதற்குப் பின்னால் வரும் பாதை முழுவதும் மறையாக்கத்துக்குள் போய்விடும். நம் வங்கிக் கணக்கையும் அந்தரங்கத்தையும் காக்கும் அதே ஏற்பாடு, இந்தப் பக்கத்தை மட்டும் தடு என்ற உத்தரவைச் சேவை நிறுவனங்கள் நிறைவேற்ற முடியாததாக ஆக்கிவிட்டது. அவர்களால் செய்ய முடிவது இரண்டே: முழுத் தளத்தையும் விடுவது, அல்லது முழுத் தளத்தையும் மூடுவது.

மூன்று வேலைகளும் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளும் இந்தப் பலவீனம் எப்படி வந்தது என்று தேடினால் ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ் லீ தன் முதல் முன்மொழிவை எழுதியபோது, பக்கங்களைச் சுட்டிகளால் இணைக்கும் யோசனை புதிதல்ல. டெட் நெல்சன் 1960களிலிருந்தே ‘சனடு’ என்ற திட்டத்தைப் பற்றிப் பேசிவந்தார். அதில் சுட்டிகள் இரு திசையிலும் வேலை செய்யும், அறுந்துபோகவே செய்யாது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தாண்டால் எழுதியவருக்குத் தொகை போய்ச் சேரும். அதாவது பரப்பலும் கட்டுப்பாடும் பாதுகாப்பும் ஒரே அமைப்புக்குள் திட்டமிடப்பட்டிருந்தன. அந்தக் கனவு முழுதாக நிறைவேறவே இல்லை.

பெர்னர்ஸ் லீ அந்தச் சுமையை இறக்கி வைத்தார். அவருடைய வலையில் சுட்டி ஒரு திசையில்தான் போகும். யாரும் யாருடைய அனுமதியும் கேட்காமல் யாருடைய பக்கத்துக்கும் சுட்டி கொடுக்கலாம். சுட்டப்பட்ட பக்கத்துக்குத் தன்னை யார் சுட்டுகிறார்கள் என்றே தெரியாது. எனவே அது இடம் மாறினாலோ அழிந்தாலோ சுட்டியவருக்குச் சொல்ல வழியில்லை. சுட்டிகளுக்கென்று மையப் பதிவேடு எதுவும் இல்லாததால் வலை எந்தத் தடையும் இல்லாமல் வளர்ந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை எல்லாருக்கும் பொதுவாக அறிவித்ததும் வளர்ச்சி இன்னும் வேகமெடுத்தது. இது மேதைமையான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் விலையை அன்றைக்கே தெரிந்துதான் கொடுத்தார்கள். பக்கம் கிடைக்காவிட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவர்களே ஒரு எண்ணை ஒதுக்கி வைத்தார்கள். அதுதான் 404.

முதல் பலி முதல் பக்கமே. உலகின் முதல் இணையப் பக்கம் தொடக்கத்தில் எப்படி இருந்தது என்பதற்கு முழுமையான சான்று நம்மிடம் இல்லை. புதிய தகவல் வரவர அதன் மேலேயே திருத்தி எழுதிக்கொண்டே போனார்கள். 2013இல் செர்ன் அதை மீட்க முயன்றபோது கையில் இருந்த மிகப் பழைய நகல் 1992ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த முயற்சி பற்றிய அறிவிப்புக்குப் பிறகுதான் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஜோன்ஸிடம் 1991ஆம் ஆண்டு வடிவம் ஒன்று இருப்பது தெரியவந்தது. அவர் அதைத் தன் கணினியில் நகலெடுத்து வைத்திருந்தார்.

எவ்வளவு வேகமாக இந்த இழப்பு நடக்கிறது? பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகள் கழித்துக் கிடைக்கவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரைகளில் 54 சதவீதத்தில், மேற்கோள் பகுதியில் குறைந்தது ஒரு சுட்டியாவது செத்துப்போயிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் கொடுக்கப்பட்ட சுட்டிகளில் ஏறக்குறைய பாதி, குறிப்பிட்ட தகவலுக்கு இட்டுச்செல்வதில்லை என்று 2013இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள்.

செத்த சுட்டியைவிட ஆபத்தானது உயிரோடு இருந்துகொண்டு வேறொன்றைக் காட்டும் சுட்டி. அதே உச்ச நீதிமன்றத்தில் 2011இல் வீடியோ கேம்கள் தொடர்பான வழக்கு ஒன்றில், நீதிபதி அலிட்டோ தன் கருத்துரையில் ஒரு இணையப் பக்கத்தைச் சான்றாகக் காட்டினார். பிறகு அந்த டொமைன் காலாவதியானது. வேறு யாரோ அதை வாங்கி, இணையத் தகவல் எவ்வளவு நிலையற்றது என்பதை நீதிமன்றத்துக்கு எடுத்துக்காட்டும் ஒரு குறிப்பை அங்கே போட்டுவைத்தார்கள். நல்லவேளையாக அந்த யாரோ ஒருவர் உண்மையைச் சொல்ல நினைத்தவர். பொய்ச் சான்று ஒன்றைப் பதித்திருந்தால், தீர்ப்பைப் பின்னால் படிக்கிறவர் நீதிபதி அதைத்தான் பார்த்தார் என்று நம்பியிருப்பார்.

இத்தனைக்கும் அடிப்படை, இணைய முகவரி ஒரு இடத்தின் பெயர், பொருளின் பெயர் அல்ல என்பதுதான். மாம்பலத்தில் இன்ன தெருவில் இன்ன வீட்டில், கூடத்து அலமாரியின் இரண்டாம் தட்டில், இடமிருந்து மூன்றாவதாக உள்ள புத்தகம் என்று ஒரு நூலைக் குறிப்பிடுவது மாதிரி. அந்த வீட்டுக்காரர் அலமாரியை நகர்த்தினால், புத்தகத்தை மாற்றி அடுக்கினால், வீட்டை விற்றால் உங்கள் குறிப்பு பயனற்றுப் போகும். அதே நூலின் வேறு நூறு பிரதிகள் ஊரெங்கும் இருந்தாலும் உங்கள் குறிப்பால் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. எழுதியவர் யாராக இருந்தாலும், இடத்துக்குச் சொந்தக்காரர் யாரோ அவர் கையில்தான் பக்கத்தின் ஆயுள் இருக்கிறது.

அந்தச் சொந்தக்காரர்கள் கடையைக் கட்டும்போது என்ன ஆகும் என்பதை ஜியோசிட்டீஸ் காட்டியது. 1994இல் தொடங்கிய இந்தச் சேவை, சாதாரண மனிதர்கள் தங்களுக்கென்று ஒரு பக்கம் இலவசமாக வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. 1999இல் யாகூ அதை வாங்கியது. பத்தாண்டு கழித்து, 2009 அக்டோபரில், ஜப்பான் தவிர மற்ற இடங்களில் மூடியது. லட்சக்கணக்கானவர்களின் முதல் இணைய எழுத்து அது. ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் கெடு முடிவதற்குள் இரவு பகலாக அதை இறக்கி, அடுத்த ஆண்டு ஏறக்குறைய 640 ஜிபி அளவில் ஒரு டாரன்ட் கோப்பாகப் பொதுவில் வெளியிட்டது. மைஸ்பேஸ் தளத்துக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. 2003 முதல் 2015 வரை அதில் ஏற்றப்பட்ட பாடல்கள், சர்வர் மாற்றும் வேலையின்போது அழிந்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் என்று செய்தி வந்தது. அவற்றில் 4,90,000 பாடல்கள் மட்டும் பின்னர் கிடைத்தன. இசைக் கலைஞர்களின் தொடர்புகளை ஆராய்ந்த ஒரு கல்விக் குழு, தன் வேலைக்காக முன்பே அவற்றை நகலெடுத்து வைத்திருந்ததே காரணம். பாதுகாக்க வேண்டும் என்று நினைத்து அவர்கள் எடுக்கவில்லை. எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தது.

வேபேக் மெஷின் இதையே திட்டமிட்டுச் செய்கிறது. கிராலர் என்ற நிரல் ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள சுட்டிகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாகப் போய்த் திறந்துகொண்டே இருக்கும். வெறும் பக்கத்தை மட்டும் அது சேமிப்பதில்லை. தான் என்ன கேட்டது, எந்த நொடியில் கேட்டது, சர்வர் என்ன பதில் தலைப்புகளோடு அனுப்பியது என்ற உரையாடல் முழுவதையும் வார்க் என்ற கோப்பு வடிவில் பதிந்துவைக்கிறது. 2009இல் அது சர்வதேசத் தரமாகவும் ஆனது. எந்தத் தேதியில் அந்த முகவரியில் என்ன இருந்தது என்று பின்னாளில் நீதிமன்றத்தில்கூடச் சொல்ல முடிவது இந்த ஒழுங்கால்தான். ஆனால் கிராலரின் வலையில் விழாதவையும் ஏராளம். கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருப்பவை விழாது. நீங்கள் விரலால் தள்ளத் தள்ள சர்வரிலிருந்து துண்டுதுண்டாக வந்து சேரும் பக்கங்கள் அரைகுறையாகத்தான் விழும். இன்றைக்கு மக்கள் அதிகம் எழுதுவது ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும். வருங்கால வரலாற்றாசிரியருக்கு 2005ஆம் ஆண்டு வலைப்பதிவு கிடைக்கிற அளவுக்கு 2025ஆம் ஆண்டு வாட்ஸ்அப் விவாதம் கிடைக்காது.

அழைப்பு மணிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கும் அறிவிப்பு போல ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி என்றொரு சின்னக் கோப்பு இருக்கிறது. 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தது. எந்தக் கிராலர் எந்தப் பகுதிக்குள் வரலாம், எதற்குள் வரக் கூடாது என்று தள உரிமையாளர் அதில் எழுதிவைப்பார். பூட்டு கிடையாது, மரியாதை மட்டுமே. இன்டர்நெட் ஆர்கைவ் அந்த மரியாதையை மிகையாகவே கடைப்பிடித்தது. ஒரு தளத்தின் இன்றைய ரோபாட்ஸ் கோப்பு வேண்டாம் என்றால், பழைய நகல்களையும் காட்டாமல் மறைத்தது. விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு பத்திரிகை மூடப்படுகிறது, டொமைன் காலாவதியாகிறது, வேறொருவர் வாங்கி ஆள் இல்லாத தளமாக வைத்து அதில் ஒரு ரோபாட்ஸ் கோப்பைப் போடுகிறார். அந்தப் பத்திரிகையின் பழைய பக்கங்கள் எல்லாம் ஆவணக் காப்பகத்திலிருந்தும் மறைந்துபோகும். எழுதியவரும் கேட்கவில்லை, பதிப்பித்தவரும் கேட்கவில்லை. இடத்தை வாங்கியவர் கடந்த காலத்தையும் சேர்த்து வாங்கிவிட்டார். 2017 ஏப்ரலில்தான் இன்டர்நெட் ஆர்கைவ் இந்த வழக்கத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்தது.

இப்போது காற்று மறுபடி எதிர்த் திசையில் வீசுகிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் பயிற்சிக்காக இணையம் முழுவதையும் அள்ளத் தொடங்கியதும், தளங்கள் எல்லாக் கிராலர்களையும் சந்தேகத்தோடு பார்க்கின்றன. தன் பக்கங்களை வேபேக் மெஷின் வழியாகச் சுற்றிவந்து எடுக்கிறார்கள் என்று சொல்லி, 2025 ஆகஸ்டில் ரெட்டிட் தளம் காப்பகத்துக்குத் தன் முகப்பைத் தவிர மற்றதை மூட முடிவெடுத்தது. யார் மேலோ உள்ள கோபம் நூலகத்தின் மேல் விழுவது 2017க்குப் பிறகும் நிற்கவில்லை.

கட்டுப்பாட்டின் கடுமையான வடிவம் டிஆர்எம் என்ற எண்மப் பூட்டு. கோப்பை மறையாக்கி அனுப்பி, திறவுகோலை நிறுவனத்தின் அனுமதி பெற்ற மென்பொருளுக்கு மட்டும் கொடுப்பார்கள். நீங்கள் வாங்கியது புத்தகம் அல்ல, திறக்கும் அனுமதி. 2009 ஜூலையில் அமேசான், வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ பிரதிகளை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. அவற்றை விற்பனைக்கு வைத்தவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்ப வந்தது. ஆனால் ஒரு மாணவர் பாடத்துக்காக எழுதிவைத்த குறிப்புகள், எந்தப் பக்கத்துக்கு எழுதியவை என்ற தொடர்பை இழந்து நின்றன. அமேசான் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு அல்ல இங்கே செய்தி. விற்ற புத்தகத்தை வாசகரின் கையிலிருந்து பிடுங்க முடியும் என்பதே செய்தி. அச்சுக் காலத்தில் எந்தப் பதிப்பாளருக்கும் அந்தக் கை நீளம் கிடையாது.

பூட்டை உடைத்து நகலெடுப்பது அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நூலகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விதிவிலக்குக் கேட்டு மனு போட வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு இந்த விஷயத்தில் நிதானமானது. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதையே அது குற்றமாக்குகிறது. நம் நாட்டு நூலகங்கள் இந்த வாசகத்தைத் தைரியமாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பைட்டுகளைக் காப்பாற்றிவிட்டால் வேலை முடிந்ததா? இணையத்தின் தொடக்க காலத்தில் தமிழில் எழுதியவர்களிடம் கேட்டால் இல்லை என்பார்கள். 1990களில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தது. இலங்கைத் தமிழர்களிடையே பெருவழக்காக இருந்த பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதினால், கோப்பில் உண்மையில் பதிவாவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிற்றெழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும். எண்களாகச் சொன்னால் 106, 107, 112, 111, 59. பாமினி எழுத்துரு கணினியில் இருக்கும்வரை அவை தமிழாகத் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல். இன்றைய யூனிகோடில் அதே சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்களாகப் பதிவாகிறது. இந்த எண்கள் உலகில் வேறு எந்த எழுத்துமுறைக்கும் உரியவை அல்ல. எந்த எழுத்துருவில் திறந்தாலும் தமிழாகவே இருக்கும்.

அன்று சில தளங்கள் பக்கத்தோடு எழுத்துருவையும் சர்வரிலிருந்து அனுப்பின. கிராலர் பக்கத்தை எடுத்து எழுத்துருக் கோப்பை விட்டுவிட்டால், காப்பகத்தில் ஒரு பைட்கூடக் குறையாமல் பக்கம் இருக்கும், ஆனால் வாசிக்க முடியாது. தேடுபொறிக்கும் அது தமிழ் என்று தெரியாது. டிஸ்கி, டேப், டேம் என்று தரப்படுத்தும் முயற்சிகள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தைய குழப்பத்தைக் குறைத்தது, கூடவே இன்னொரு குறியேற்றத்தையும் கூட்டியது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். இந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட செய்திகளும் கதைகளும் விவாதங்களும் எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இதைத் தாண்டி வந்த ஒரு முயற்சியை நன்றியோடு சொல்ல வேண்டும். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டது. தொடக்கத்தில் நூல்கள் டிஸ்கி குறியேற்றத்தில் இருந்தன. யூனிகோடு நிலைபெற்றதும் அவற்றை அதற்கு மாற்றினார்கள். யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் பரப்பலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். இன்று அந்தத் தளமே இல்லாமல் போனாலும் அந்த நூல்கள் எண்ணற்ற கணினிகளில் இருக்கும். அதே காலத்தில் பூட்டிப் பாதுகாக்கப்பட்ட எத்தனையோ குறுந்தகடுகள் இன்று எந்தக் கணினியிலும் ஓடாது.

இடத்துக்குப் பதில் பொருளையே முகவரியாக்க முடியுமா என்று பொறியாளர்கள் முயன்றிருக்கிறார்கள். ஒரு கோப்பின் பைட்டுகள் முழுவதையும் எஸ்எச்ஏ-256 போன்ற ஒரு கணக்கில் செலுத்தினால், அந்தக் கோப்புக்கே உரிய 64 குறிகள் கொண்ட ஹேஷ் கிடைக்கும். கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் ஹேஷ் முற்றிலும் வேறாகிவிடும். அந்த ஹேஷையே முகவரியாக வைத்துக்கொண்டால், இந்த ஹேஷுக்குரிய கோப்பு யாரிடம் இருந்தாலும் கொடுங்கள் என்று கேட்கலாம். யார் கொடுத்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்து, அசலா போலியா என்று உங்கள் கணினியே சொல்லிவிடும். பிராம் கோஹன் 2001இல் உருவாக்கிய பிட்டாரன்ட் கோப்புகளைத் துண்டுகளாக்கி இப்படித்தான் சரிபார்த்தது. ஐபிஎஃப்எஸ் என்ற திட்டம் அதை இணையப் பக்கங்களுக்கு விரிக்கப் பார்க்கிறது. நீதிபதி அலிட்டோவின் சுட்டிக்கு நேர்ந்தது இங்கே நேராது. ஆனாலும் கேட்கும்போது யாராவது ஒருவரிடம் நகல் இருந்தாக வேண்டும். எல்லாரும் அழித்துவிட்ட கோப்பின் ஹேஷ் எதையும் மீட்டுத் தராது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் விக்கி ரீச், டேவிட் ரோசெந்தால் இருவரும் 1999 வாக்கில் தொடங்கிய லாக்ஸ் திட்டம் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. பல நூலகங்கள் ஒரே ஆய்விதழின் நகலைத் தத்தம் கணினியில் வைத்துக்கொள்ளும். அவ்வப்போது அந்தக் கணினிகள் ஒன்றையொன்று கேட்டு ஹேஷ்களை ஒப்பிடும். பெரும்பான்மைக்கு மாறாக ஒரு நகல் நின்றால், அது கெட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டு மற்றவற்றிலிருந்து திருத்திக்கொள்ளும். வட்டில் ஒரு பிட் தானாகப் புரண்டாலும், யாரோ வேண்டுமென்றே ஒரு வரியை மாற்றினாலும் இதே முறையில் பிடிபடும். பதிப்பாளர்களின் அனுமதியோடு, சந்தா கட்டிய நூலகங்களுக்குள் மட்டுமே இது நடக்கிறது. கட்டுப்பாட்டை மீறாமலே பல நகல்கள் வைத்திருக்க முடியும் என்பதற்கு என்னிடம் இருக்கும் நல்ல சான்று இதுதான்.

எல்லாமே என்றென்றும் கிடைக்க வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு, நியாயமான கேள்வி. ஸ்பெயினில் ஒருவருடைய பழைய கடனுக்காக அவர் சொத்து ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998இல் ஒரு நாளிதழில் வந்திருந்தது. கடன் தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியும் அவர் பெயரைத் தேடினால் கூகுளில் அதுவே வந்தது. 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பெயரைத் தேடும்போது வரும் முடிவுகளிலிருந்து கூகுள் அதை நீக்க வேண்டும். நாளிதழின் காப்பகப் பக்கம் அப்படியே இருந்தது. பரப்பலையும் பாதுகாப்பையும் இரண்டாகப் பிரித்துப் பார்த்த தீர்ப்பு என்பதால் இதை நான் மதிக்கிறேன். தனி மனிதரைக் காக்க ஆவணத்தை எரிக்க வேண்டியதில்லை.

ஆவணத்தை ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் நகல் இல்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்மமாக்கி இணையத்தில் வைப்பதில் அந்த இழப்பின் நினைவும் இருக்கிறது. எண்மக் காப்பகமும் எரியக்கூடியதுதான். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டனின் இணையக் காப்பகமே நீண்ட காலம் வாசகர்களுக்குக் கிடைக்காமல் போனது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவ் தாக்கப்பட்டு 3.1 கோடிப் பயனர்களின் விவரங்கள் கசிந்தன. தளம் சில நாட்கள் முடங்கி, பிறகு வாசிக்க மட்டுமே திறந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கின் மேல்முறையீட்டில் அது தோற்றிருந்தது. அந்த வழக்கால் ஐந்து லட்சம் புத்தகங்களை இரவலிலிருந்து எடுக்க வேண்டிவந்தது. ஒரு தன்னார்வ நிறுவனத்தின் தோளில் மொத்த உலகத்தின் நினைவையும் ஏற்றிவைத்திருக்கிறோம்.

இந்தச் சுமையை நாடுகள்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். வழி ஏற்கெனவே இருக்கிறது. இந்தியாவில் 1954ஆம் ஆண்டு நூல்கள் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தர வேண்டும். 1956இல் நாளிதழ்களையும் சேர்த்தார்கள். அச்சுக்கு மட்டும்தான். இணையப் பக்கத்தை நகலெடுத்து வைக்கும் கடமையோ அதிகாரமோ அந்தச் சட்டம் கன்னிமாராவுக்குத் தரவில்லை. டென்மார்க் 2005இலும் பிரான்ஸ் 2006இலும் பிரிட்டன் 2013இலும் தங்கள் ஒப்படைப்புச் சட்டங்களை இணையத்துக்கு விரித்துவிட்டன.

பிரிட்டன் செய்த ஏற்பாட்டை நம் பதிப்பாளர்களும் ஊடக நிறுவனங்களும் கவனிக்க வேண்டும். அவர்களுடைய அச்சத்துக்கு அதில் பதில் இருக்கிறது. தேசிய நூலகங்கள் பிரிட்டன் தளங்களை அனுமதி கேட்காமல் நகலெடுக்கலாம். ஆனால் உரிமையாளர் வெளிப்படையாக அனுமதி தந்தால் தவிர, அந்த நகலை நூலகக் கட்டடத்துக்குள் உள்ள கணினியில்தான் பார்க்க முடியும். ஒரு நூலகத்தில் ஒரு நகலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். ஆராய்ச்சி மாணவருக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் நகல் எடுக்கப்பட்டுவிடுகிறது, பல நூலகங்களில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் நூல், நாளிதழ் என்ற சொற்களுக்குப் பக்கத்தில் இணைய வெளியீடு என்பதையும் சேர்த்து, கன்னிமாரா போன்ற நான்கு நூலகங்களுக்கும் கிராலர் இயக்கும் ஆட்களும் வட்டுகளும் வாங்கப் பணம் ஒதுக்கினால், சென்னையில் அடுத்த தடை உத்தரவு வரும்போது தமிழ்ப் பக்கங்களின் நகல் சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் இருக்காது.